நின்றோம், சம்மதிக்கவில்லை

அனுப்புநர்:
காத்தமுத்து சிவராணி,
பொதுநோக்கு மண்டபத்துக்கு எதிர்வீடு,
பாலையடிக்குடியிருப்பு,
நானாட்டான்.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மன்னார்.

பொருள்: கருத்தறியும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த எமது ஊரவரை மணல் அகழ்வுக்குச் சம்மதித்தவர்களாகப் பதிந்தமை, அதை எடுத்துச் சொன்னபோது என் ஒலிவாங்கியை நிறுத்தியமை, இனி எவரும் வாய் திறந்து பேசக் கூடாது என அறிவித்தமை தொடர்பான முறைப்பாடு.

மதிப்புக்குரிய ஐயா,

நானாட்டான் சந்தியிலுள்ள ஒரு புடவைக்கடையின் வாசலில் ஒலிவாங்கி பிடித்து ஆட்களை உள்ளே அழைப்பது என் தொழில். அந்த வழியாக ஐயா எப்போதாவது வாகனத்தில் போயிருந்தால் என் குரல் காதில் விழுந்திருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனாலும் விழுந்திருக்கும். மனுவில் பணிவு வேண்டும், சத்தம் கூடாது என்பதை அறிவேன். ஆனாலும் நடந்ததை எழுத உட்கார்ந்தால் கை ஓட்டமாக ஓடுகிறது. எங்காவது குரல் உயர்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் குடியிருப்பில் வசிப்பவர்கள் பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, என் அப்பா காத்தமுத்து தன் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். காடு வெட்டி, கிணறு தோண்டி, பிறர் வயலில் களை பிடுங்கியும் அறுவடைக்கு நெல் அருவி வெட்டியும் ஊரானார்கள். எங்கள் கிணறுகள் எல்லாம் ஆற்றங்கரையை அடுத்துள்ளவை. ஆற்றில் மணல் இருக்கும்வரை கிணற்றில் நல்ல தண்ணீர் இருக்கும். முன்னொரு தடவை மேற்குப் பக்கமாகக் கொஞ்சம் மணல் அள்ளினார்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் இன்றும் உவர்தான். அங்கே பால் தேநீர் போட்டால் திரைந்துபோகிறது. இப்போது எங்கள் கரை முழுவதையும் அள்ளுவதற்கு ஒரு கம்பனி அனுமதி கேட்டிருக்கிறது. அதற்கான இறுதிக் கூட்டம் இம்மாதம் 22ஆம் திகதி தங்கள் செயலகத்தில், தங்கள் தலைமையில் நடைபெறவுள்ளது. அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு வாய் இருக்குமா இல்லையா என்பதே இம்மனுவின் விடயம்.

2. கடந்த மாசி மாதம் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் முதலாவது கருத்தறியும் கூட்டம் நடந்தது. நடத்திய திணைக்களத்தின் பெயரையும் அதிகாரியின் பெயரையும் இணைப்பில் தந்துள்ளேன். அன்று நான் கடையில் இருந்தேன். போனவர்கள் எல்லோரும் சொன்னதை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன். முன்வரிசைக் கதிரைகளில் கம்பனிக்காரரும் அவர்கள் கூட்டிவந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. எங்கள் ஊரவர் பின்சுவரோடும் பக்கச் சுவரோடும் நின்றார்கள். கதிரை இல்லாமல் நிற்கவில்லை, ஐயா. கதிரை இருந்தும்தான் நின்றார்கள்.

3. ஏன் நின்றார்கள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தைப் பிரட்டுக்களம் என்பார்கள். அங்கே எவரும் உட்கார்வதில்லை. துரை வந்தால் நிற்பார்கள், கணக்கப்பிள்ளை வந்தால் நிற்பார்கள், ஒருவரும் வராவிட்டாலும் வரப்போகிறார்கள் என்று நிற்பார்கள். அந்தப் பழக்கம் லொறியேறி எங்களோடு மன்னாருக்கும் வந்துவிட்டது. கிராம அலுவலர் வந்தாலும் வங்கி முகாமையாளர் வந்தாலும் தடுப்பூசி போடும் தாதி வந்தாலும் எங்கள் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். தோட்டத்தை விட்டு வந்தபோது என் அப்பா சிறு பிள்ளை; ஒரு நாளாவது பிரட்டில் பெயர் கொடுத்தவர் அல்லர். ஆனாலும் காற்சட்டையில் மடிப்பு வைத்த ஒருவர் வந்தால் அவர் தன்பாட்டில் எழுந்துவிடுவார். வெளியூரார் இதை மரியாதை என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது என்னவென்று யோசிப்பதற்கே இதுவரை நேரம் வரவில்லை.

4. கூட்டத்தின் முடிவில் அதிகாரி சொன்ன வார்த்தைகளை அங்கே நின்ற பலர் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். "சம்மதமெண்டால் எழும்பி நில்லுங்கோ, விருப்பமில்லாத ஆக்கள் கதிரையில இருங்கோ" என்றாராம். கம்பனிக்காரர் எழுந்தார்கள். எங்கள் ஆட்கள் ஏற்கனவே நின்றார்கள். அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது நடந்துபோய்க் கதிரையில் உட்கார்வது அவர் முகத்தில் அடிப்பது போலாகும் என்று ஒருவரும் அசையவில்லை. தங்களைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. அன்று அந்த மண்டபத்தில் எதிர்ப்புத் தெரிவித்தவை வெறுங் கதிரைகள் மட்டுமே. அவற்றை எவரும் எண்ணவில்லை.

5. இரண்டு வாரங்களின்பின் மண்டபச் சுவரில் கூட்ட அறிக்கையை ஒட்டினார்கள். "சமுகமளித்த பொதுமக்கள் அனைவரும் எழுந்து நின்று ஏகமனதாகத் தமது ஆதரவைத் தெரிவித்தனர்" என்றிருந்தது. வேலை முடிந்து வந்த நான் அதை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். "நாங்க எப்பவும் போலத்தான் நின்னோம்" என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. ஓர் ஊர் தன் குடிதண்ணீரைச் சுவரோரம் நின்றே கொடுத்துவிட்டது என்று அரச தாளில் அச்சடித்திருக்கிறார்கள்!

6. பங்குனி மாதம் அதே திணைக்களம் "விளக்கக் கூட்டம்" ஒன்று வைத்தது. கடை முதலாளி மஹ்மூது நானாவிடம் லீவு கேட்டேன். பெருநாள் வியாபாரம் நெருங்கும் காலம் அது. என்னத்துக்கு என்று கேட்டார். ஒரு தடவை எனக்காகக் கத்தப் போகிறேன் என்றேன். போய்வா என்றார்.

7. அன்று கம்பனிக்காரர் ஒரு படம் காட்டினார்கள். மேலே பறந்து பிடித்த படம். ஆறு, கொக்கு, சூரியோதயம், சிரிக்கும் பிள்ளைகள், பின்னணியில் புல்லாங்குழல் இசை. அந்தப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள் அல்லர். அந்த ஆறும் எங்கள் ஆறு அல்ல என்று எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். படம் முடிந்ததும் கேள்வி இருக்கிறதா என்றார் அதிகாரி. வழக்கம்போல் ஒருவரும் பேசவில்லை. நான் கை உயர்த்தினேன். இரண்டு நிமிடம் என்று சொல்லி ஒலிவாங்கியைத் தந்தார்கள்.

8. ஐயா, ஒலிவாங்கி எனக்குப் புதிதல்ல. ஆனால் மூன்று வருடமாக நான் அதில் சொன்னதெல்லாம் பிறர் எழுதித் தந்த வார்த்தைகள். நைலெக்ஸ், கொட்டன், மணப்பெண் சேலை, வாங்கோ பாருங்கோ. என் சொந்த வார்த்தை ஒன்றுகூட அதற்குள் போனதில்லை. என்றாலும் கடை வாசல் எனக்கு ஒன்று கற்றுத் தந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பேசினால் ஒருவரும் திரும்பமாட்டார்கள். ஒருவரைப் பார்த்துப் பேசினால் சந்தியே திரும்பும். ஆகவே நான் அதிகாரியையும் பார்க்கவில்லை, கம்பனிக்காரரையும் பார்க்கவில்லை. பின்சுவரோடு நின்ற எங்கள் அயல்வீட்டுச் சுபத்திரா அக்காவைப் பார்த்தேன். கணவரை இழந்தவர், மேற்குப் பக்கத்துக் கிணறு உவர்த்த நாளிலிருந்து எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறார்.

9. நான் பேசியதைத் திணைக்களம் "உணர்ச்சியைத் தூண்டும் பேச்சு" என்று எழுதியிருப்பதால், அதை அப்படியே இங்கே தருவது என் கடமை. "சுபத்திரா அக்கா, போன கூட்டத்தில ஆத்து மண்ணை அள்ளச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய்த் தலையாட்டி மறுத்தார். "சொன்னீங்கன்னு எழுதி ஒட்டியிருக்கு அக்கா. நீங்க நின்னீங்களாம். நின்னதுதான் சம்மதமாம். நம்ம காலு நமக்குத் தெரியாமலே நம்ம தண்ணிய வித்திருச்சு" என்றேன். மண்டபத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. "இது பிரட்டுக்களம் இல்ல. இங்க தொரையும் இல்ல" என்று நான் தொடங்கியபோது ஒலிவாங்கி செத்துவிட்டது.

10. அதை நிறுத்தியவர் றினாஸ் என்ற தம்பி. கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர். அன்று திணைக்களத்துக்கு வாடகைக்கு வந்திருந்தார். அதிகாரி கண்காட்ட, இவர் வயரைக் கழற்றினார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. மறுநாள் கடைக்கு வந்து, "அக்கா, புடுங்கச் சொன்னாங்க, புடுங்கினன். உங்கட தொண்டைக்கு வயர் இல்லையெண்டு அவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். உண்மைதான். பஸ் ஹோர்னுக்கு மேலால் சேலை விற்றவளுக்கு ஒரு மண்டபம் எம்மாத்திரம்? நான் வெறும் வாயால் முடித்தேன். "சம்மதம் இல்லாதவங்க எல்லாரும் இப்ப ஒக்காருங்க" என்றேன்.

11. ஒருவரும் அசையவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது சுபத்திரா அக்கா சுவரை விட்டு நகர்ந்தார். முன்னால் வந்தார். வந்தவர் பதற்றத்தில் எந்தக் கதிரை என்று பார்க்காமல், மேடைக்கு அருகில் வெள்ளைத் துணி விரித்துப் பிரதம விருந்தினருக்கென்று வைத்திருந்த கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் துணியைத் தடவிப் பார்த்து, "ஐயையோ, இது யாரு கதிரை?" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எல்லோருடைய முழங்காலும் இளகிவிட்டது.

12. அதன்பிறகு கேட்ட சத்தத்தை எப்படி எழுதுவேன், ஐயா! சீமெந்துத் தரையில் பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடும் சத்தம். ஒன்று, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாமல். இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையோடு உட்கார்ந்தார்கள். கதிரை முடிந்ததும் மற்றவர்களும் நானும் நிலத்தில் உட்கார்ந்தோம். சம்மதித்தவர்கள் நிற்கட்டும் என்ற விதியை வைத்தவர்களே அவர்கள்தான். சலசலப்பில் எழுந்துவிட்ட கம்பனிக்காரரும் அதிகாரியும் மட்டுமே கடைசியில் நின்றுகொண்டிருந்தார்கள்; அந்த விதியின்படி சம்மதித்தவர்கள் அவர்கள் மட்டுமே. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடை வாசலில் கத்தி வாங்கிய சம்பளம் எதுவும் தராத சந்தோசம் அது.

13. கடைசியாக உட்கார்ந்தவர் என் அப்பா. ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அதன் நுனியில் மெதுவாக அமர்ந்தார். அமர்ந்த சிறிது நேரத்திலேயே மறுபடி எழுந்தார். பழக்கதோசத்தில் எழுந்துவிட்டார் என்று எண்ணி நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, "நான் சம்மதிக்கல்லங்க ஐயா. எம்பேரு காத்தமுத்து. எழுதிக்கங்க" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எவரும் கேட்காமல் தானாகவே ஓர் உத்தியோகத்தரோடு அவர் பேசியது என் அறிவுக்கு எட்டியவரை அதுவே முதல் தடவை.

14. இரண்டாவது கூட்டத்தின் அறிக்கை சித்திரை மாதம் ஒட்டப்பட்டது. அதன் பிரதியை இணைத்துள்ளேன். "சிவராணி என்பவர் உணர்ச்சியைத் தூண்டும் பேச்சினால் கூட்டத்தைக் குழப்பினார். எனினும் காத்தமுத்து என்பவர் எழுந்து நின்று திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தார்" என்று அதில் இருக்கிறது. என் அப்பாவின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்கள். இதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. வீட்டில் எல்லாக் குடமும் நிறைந்திருந்த நேரம் அது.

15. அதே தாளின் கீழே 22ஆம் திகதிக் கூட்டத்துக்கான விதிகளும் உள்ளன. எவரும் வாய்மொழியாகப் பேச முடியாது. கேள்வி இருந்தால் ஒரு வாரத்துக்கு முன் எழுத்தில் தர வேண்டும். தகுதியானவை மட்டும் வாசிக்கப்படும். மேடைப்பேச்சுப் பாணியில் பேசுவது தடை. சிவராணி என்பவருக்கு அனுமதி இல்லை. ஆதரவாளர்கள் எழுந்து நிற்கும் முறை தொடரும். இந்தக் கடைசி வரியை வாசித்தபோது சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் கிழிக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கிழித்திருப்பேன், அப்பா கூட நின்றார்.

16. எங்களில் எழுதத் தெரியாதவர்கள் பலர். அவர்களுக்குத் தெரிந்தது வாயால் சொல்வது. அதையும் தடுத்துவிட்டு எழுதித் தாருங்கள் என்பது, நீந்தத் தெரிந்தவனைக் கரையில் ஏற்றிவிட்டு ஓட்டப் பந்தயம் வைப்பது போன்றது. தகுதியான கேள்வி எது என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்களாம். அப்படியானால் கேள்வியையும் அவர்களே கேட்டுவிடலாமே, நாங்கள் எதற்குப் பஸ் பிடித்து மன்னாருக்கு வர வேண்டும்?

17. என்மீதான பெரிய குற்றச்சாட்டு, நான் ஆட்களைப் பேச்சால் மயக்கினேன் என்பது. விடயத்தை மட்டும் சொல்லியிருக்கலாம், ஏன் அப்படிக் குரலை ஏற்றி இறக்கிப் பேச வேண்டும் என்று அதிகாரி என்னிடம் நேரிலும் கேட்டார். பணிவோடு பதில் சொல்கிறேன். கம்பனியின் படத்துக்குப் புல்லாங்குழல் போடலாம், என் கதைக்கு நான் குரல் போடக் கூடாதா? அவர்கள் கொக்கைக் காட்டி மனத்தை இளக்கலாம், நான் சுபத்திரா அக்காவின் குடத்தைக் காட்டக் கூடாதா? நான் எவரையும் மிரட்டவில்லை, எவருக்கும் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கவில்லை. சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தது யார் என்பது ஊருக்கே தெரியும். மனத்தில் இருந்ததை, மனத்தில் படும்படி சொன்னேன். கேட்டவர்கள் தாங்களே முடிவெடுத்துத் தங்கள் காலாலேயே நடந்துபோய் உட்கார்ந்தார்கள். ஒரு பேச்சைக் கேட்டு ஒருவர் மனம் மாறினால் அது குழப்பம் என்றால், கூட்டம் எதற்கு? எல்லோரும் வரும்போது இருந்த எண்ணத்தோடேயே திரும்பிப் போவதற்கா?

18. எமது நாட்டின் அரசியலமைப்பில் பதினான்காம் உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் பேச்சுச் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது. அதை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். ஒருநாள் கடை வாசலில் சேலைகளுக்கு நடுவே வாய்தவறி அதுவும் வந்துவிட்டது. அந்தப் பதினான்காம் உறுப்புரை எந்த அலுமாரியில் இருக்கிறது, கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொல்லி ஓர் அம்மா உள்ளே வந்துவிட்டார். சிரிப்பான கதைதான். ஆனால் எங்களுக்குப் பிரஜை என்ற சொல் சிரிப்புக்குரியதல்ல, ஐயா. என் அப்பாவின் பெற்றோர் இந்த நாட்டிலே பிறந்து, இந்த நாட்டுக்கே உழைத்து, பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்களாகவே வாழ்ந்தார்கள். அந்த உரிமை திரும்பி வந்தது, மேடைகளிலும் சந்திகளிலும் சங்கக் கூட்டங்களிலும் யார் யாரோ தொண்டை கிழியப் பேசியதால். அவர்கள் எல்லோரும் எழுத்தில், ஒரு வாரத்துக்கு முன், தகுதி பார்த்துத் தாருங்கள் என்ற விதிக்குக் கட்டுப்பட்டிருந்தால் நான் இன்று தங்களுக்கு மனு எழுதும் ஒரு பிரஜையாக இருந்திருக்கமாட்டேன்.

19. என் வேலைக்கும் ஆபத்து வந்தது. யாரோ இருவர் கடைக்கு வந்து, இந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிற்பாட்டினால் நல்லது, கடைக்குப் பிரச்சினை வராது என்று மஹ்மூது நானாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் துணி அளந்துகொண்டே சொன்ன பதிலை, உள்ளே மடிப்புப் போட்டுக்கொண்டிருந்த நான் காதால் கேட்டேன். "அந்தப் புள்ளட வாய் ஆறு மணி வரைக்கும்தான் எனக்குச் சொந்தம். அதுக்குப் பொறகு அவட வாய் அவட. அதை வாங்கவும் விற்கவும் நான் யாரு?" என்றார். ஊரில் ஒரு வியாபாரிக்கு விளங்கியது ஒரு திணைக்களத்துக்கு விளங்காமல் போனது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

20. இப்போது நல்ல செய்தி ஒன்றைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அந்தப் பங்குனிக் கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் எங்கள் மண்டபத்தில் பேச்சுப் பழகுகிறோம். றினாஸ் தம்பி தன்னுடைய பழைய ஒலிபெருக்கி ஒன்றைச் சும்மா தந்திருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் கதிரையில் உட்கார வேண்டும். பேசுபவர் மட்டும் எழுந்து நிற்க வேண்டும். பேசி முடிந்ததும் உட்கார வேண்டும். கதிரை அடுக்கும் பொறுப்பு என் அப்பாவுக்கு. சுவரோரம் எவராவது நின்றால் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போய்விடுகிறார். முதல் வாரம் எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லவே வியர்த்தார்கள். இப்போது சுபத்திரா அக்காவின் கையிலிருந்து ஒலிவாங்கியைத் திரும்ப வாங்குவதற்கு ஆள் வைத்திருக்கிறோம். கொண்டச்சியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலும் தொடங்கப்போவதாகச் சொல்லிப் போனார்கள்.

21. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பையன் சிவரூபன் மணல் ஏற்றும் டிப்பர் லொறி ஓட்டுபவர். மணல் அள்ள அனுமதி கிடைத்தால் தனக்கும் தன்னைப் போன்றவர்களுக்கும் நிரந்தர வேலை கிடைக்கும் என்று அவர் எங்கள் ஞாயிறு கூட்டத்துக்கே வந்து பேசத் தொடங்கினார். சிலர் கூச்சலிட்டார்கள். என் அப்பா எழுந்து, "அவனும் பேசட்டும்" என்றார். சிவரூபனுக்கும் அதே ஒலிவாங்கியைக் கொடுத்தோம். நன்றாகவே பேசினார், இருவர் அவர் பக்கம் சாய்ந்தும் விட்டார்கள். எனக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் நான் அதற்குப் பதில் பேசினேன். சாய்ந்தவர்களில் ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை. சிவரூபனின் வாயை மூட வேண்டும் என்று நாங்கள் தங்களிடம் கேட்கவில்லை. 22ஆம் திகதி சிவரூபனுக்கும் பேச இடம் கொடுங்கள் என்றே கேட்கிறோம்.

22. ஆகவே ஐயா, கீழ்வருவனவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்:

(அ) மாசி மாதக் கூட்ட அறிக்கையில் "ஏகமனதாக" என்று எழுதியதை இரத்துச் செய்து, எங்கள் ஊரவர் சம்மதம் தெரிவிக்கவில்லை என்று பதியச் செய்தல்.

(ஆ) பங்குனி மாதக் கூட்ட அறிக்கையில் காத்தமுத்து என்பவர் ஆதரித்தார் என்றுள்ளதை நீக்கி, அவர் உண்மையில் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதச் செய்தல். அவர் எழுதிக்கொள்ளச் சொன்னார், இன்னும் எழுதப்படவில்லை.

(இ) வாய்மொழிப் பேச்சுக்கும் எனக்கும் விதித்த தடைகளை நீக்குதல். என்னை அனுமதிக்க முடியாது என்று தாங்கள் கருதினாலும் மற்றவர்களைப் பேச விடுங்கள். இப்போது அவர்களில் பலர் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

(ஈ) நிற்பதையும் இருப்பதையும் வைத்துச் சம்மதம் எண்ணும் முறையை நிறுத்தி, ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்வதைப் பதியச் செய்தல்.

(உ) ஒலிவாங்கியை நிறுத்தும் அதிகாரம் அன்று எவருக்கும் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்தல். அறிவிக்காவிட்டாலும் பெரிய பாதிப்பு இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

23. கடைசியாக ஒரு சிறிய வேண்டுகோள். 22ஆம் திகதி தங்கள் மண்டபத்தில் எங்கள் ஊரவர் அனைவருக்கும் போதிய கதிரைகள் போட்டு வைக்கவும். வெள்ளைத் துணி வேண்டாம். வயதானவர்களுக்கு முன்வரிசையில் இடம் தந்தால் நல்லது. நாங்கள் உள்ளே வந்தவுடன் உட்கார்ந்துவிடுவோம். தாங்கள் வரும்போதும் எழமாட்டோம். அதைத் தயவுசெய்து அவமரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. அன்று எங்களில் எவராவது எழுந்து நின்றால், அவர் பேசப் போகிறார். அவரைக் கேளுங்கள்.

இடம்: பாலையடிக்குடியிருப்பு
திகதி: 2025.05.06

உரக்கப் பேசும் உரிமையோடும் பணிவோடும்,

(ஒப்பம்) கா. சிவராணி

உடன் ஒப்பமிட்டோர்:
சுபத்திரா (பெருவிரல் அடையாளம்)
காத்தமுத்து (கதிரையில் இருந்தபடி இட்ட ஒப்பம்)

இணைப்பு: கூட்ட அறிக்கைகள் இரண்டின் பிரதிகள், திணைக்களத்தினதும் அதிகாரியினதும் பெயர் விபரம்.